அரை விநாடி

மார்ச் 9

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இந்த மலைக் குளிரில் மூக்குதான் ஓயாமல் ஒழுகுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் கண் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கண் ஆபரேஷனைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காத நீ, பூச்சிகளைப் படம் எடுக்கக் கற்றுக்கொடு என்கிறாய். என்ன ஆயிற்று உனக்கு என்று கேட்கப்போவதில்லை. கேட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. நான் விட்டுவிட்டு வந்த கேமரா அலமாரியின் மேல்தட்டில் தூசி தின்றுகொண்டிருக்கிறது, எடுத்துக்கொள்.

போனில் சொல்லித் தர முடியாது என்பது உனக்குத் தெரியும். வானத்திலிருந்து வருகிற மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கிற நிலையம் இது. ஒரு செல்போன் சிணுங்கினால்கூட எங்கள் கருவிக்குக் காது அடைத்துவிடும். வாரம் ஒரு முறை சாமான் ஜீப் வரும். அதில்தான் கடிதம். அவசரத்துக்கு ஆபீஸில் ஒரு போன் உண்டு; பூச்சி அவசரமில்லை.

சொல்வதை அப்படியே செய். ஏன், எதற்கு என்று கேட்காதே. கேட்டால் எனக்கு எரிச்சல் வரும், உனக்கும் புரியாது.

குட்டையான லென்ஸைப் போடு. ஃபோகஸ் வளையத்தை மிக அருகில் என்கிற முனைக்குத் திருப்பி அப்படியே விட்டுவிடு, பிறகு தொடாதே. இனி ஃபோகஸ் செய்வது உன் உடம்பு. முன்னால் சாய், பின்னால் சாய், பூச்சியின் கண் பளிச்சென்று தெரிகிற நொடியில் அழுத்து. ஷட்டர் விநாடியில் இருநூறில் ஒரு பங்கு, துளை பதினொன்று. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை வெட்டிக் கட்டு, இல்லையென்றால் வெளிச்சம் சுள்ளென்று அடிக்கும். இடது கையால் செடியின் காம்பைப் பிடித்து, லென்ஸை அந்தக் கை மேலேயே ஊன்று. செடி, கை, கேமரா மூன்றும் சேர்ந்தே ஆடினால் ஆட்டம் தெரியாது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 24

முந்திரிக்கொட்டைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். வானத்துக்குக் காது கொடுக்கிறவன் முதலில் உன் காதைக் கம்பளியால் மூடிக்கொள்.

நீ சொன்னபடியே செய்தேன். ரோஜாத் தொட்டியில் அசுவினிப் பூச்சி அடை அடையாக ஒட்டியிருக்கிறது. எறும்புகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி மேய்க்கின்றன. முதல் நாள் எடுத்ததில் பச்சையாக ஒரு கலங்கல், கறுப்பாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். புரை விழுந்த கண்ணுக்கு உலகம் இப்படித்தான் தெரியும். இப்போது பரவாயில்லை. தேறியதில் மூன்றை பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், பார்.

நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று நினைப்பாய். விடுப்பில் இருக்கிறேன். பெரிய டாக்டரே கூப்பிட்டு, "ரொம்ப வருஷமா நீங்க லீவே போடலை, கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்றார். வேறொன்றுமில்லை. என் நோயாளிகளைச் சின்ன டாக்டர் பார்த்துக்கொள்கிறான்.

அம்மாவுக்குப் புரை முற்றிவிட்டது. ஒரு கண் நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டது, மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். சின்ன டாக்டரிடம் செய்துகொள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஊருக்கெல்லாம் கண்ணைத் திறந்து வைக்கிறவளைப் பெத்துட்டு, நான் போய் எவன்கிட்டயோ கண்ணைக் கொடுப்பேனா? நீ செஞ்சா செய். இல்லேன்னா இப்படியே சுவத்தைத் தடவிக்கிட்டு இருந்துட்டுப் போறேன்" என்கிறாள். விடுப்பு முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். பூச்சியின் கண் பளிச்சென்று வருகிறது, ஒரு மூச்சுகூட நிற்காமல் ஓடிவிடுகிறது. எல்லோருக்கும் அப்படித்தானா?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் படத்தில் எறும்பின் முதுகு கூர்மை, முகம் கலங்கல். எறும்பின் முதுகோடு நமக்கென்ன பேச்சு? இரண்டாவதில் வண்டின் மேல் வெள்ளைப் பொட்டு. பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டச் சொன்னேனே, எங்கே? மூன்றாவதில் இருப்பது சிலந்தி. சிலந்தி பூச்சி இல்லை, காலை எண்ணு. டாக்டருக்குப் படித்தவளுக்கு இதையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆமாம், எல்லோருக்கும் அப்படித்தான். இந்த அளவுக்குப் பெரிதாக்கினால் கூர்மையாகத் தெரிகிற ஆழம் ஒரு தாளின் கனம்கூட இருக்காது. அதனால் ஒன்றை எடுத்துவிட்டு உட்கார்ந்து அழாதே. சாய்ந்துகொண்டே பத்து எடு, ஒன்பதைத் தூக்கிப் போடு. ஒன்று தேறினால் போதும். யாரும் மிச்சத்தைக் கேட்கப்போவதில்லை.

நான் கேட்பேன். அடுத்த முறை பிரிண்ட் வேண்டாம், கேமராவின் மெமரி கார்டையே உறையில் போட்டு அனுப்பு. தேறாததைப் பார்த்தால்தான் தப்பு எங்கே என்று தெரியும்.

உன் எழுத்துக்கு என்ன கேடு? பக்கத்தின் மேலே கட்டெறும்பாக ஆரம்பித்து, கீழே வரும்போது சிற்றெறும்பாகிவிடுகிறது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். கொஞ்சம் பெரிதாக எழுது.

அம்மாவின் ஆபரேஷனை ஏன் இழுக்கிறாய்? அரை மணி நேர வேலை என்று நீதானே சொல்வாய்?

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. உன் சளி விட்டதா? அம்மா உனக்காகக் கம்பளிக் குல்லா வாங்கச் சொல்கிறாள்.

கார்டு அனுப்ப மறந்துவிட்டேன். நல்லதாக நான்கு பிரிண்ட் வைத்திருக்கிறேன். பொறிவண்டின் முகத்தைப் பார். அதற்கும் முகம் இருக்கிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

பின்னால் எல்லாமே கறுப்பாக விழுகிறது. அம்மா படத்தை மூக்கில் ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடி, எல்லாத்தையும் ராத்திரியிலயே போய் எடுக்கிறியா? பூச்சியைத் தூங்கவிடு" என்கிறாள். பட்டப்பகலில்தான் எடுக்கிறேன். இதற்கு வழி உண்டா?

பெரிய டாக்டர் விடுப்பை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கிறார். ஆபரேஷன் அறைப் பக்கமே போகவில்லை. மைக்ராஸ்கோப்பின் கீழே கை வைத்து வெகு நாளாகிறது. இதுவும் கிட்டத்தட்ட அதே அளவு வேலைதானே? அங்கேயும் மில்லிமீட்டரில் பாதி, இங்கேயும் மில்லிமீட்டரில் பாதி. அதனால் ஒன்று கேட்கிறேன். படம் கூர்மையாக விழுந்தால், அந்த நேரத்தில் கை ஆடாமல் இருந்தது என்றுதானே அர்த்தம்? நன்றாக யோசித்துப் பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


மே 8

அக்காவுக்கு,

நலம், நலம். ஜீப் டிரைவர் கீழே ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கிறார், அதனால் சுருக்கமாக.

பொறிவண்டு அருமை. இதை யார் எடுத்தது என்று கேட்டால் நான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்வேன்.

கறுப்பு போக வேண்டுமென்றால் ஜன்னல் ஓரத்து மேஜைக்குச் செடியைக் கொண்டு வா, மேஜை விளக்கைப் போடு, ஷட்டரை அரை விநாடிக்கு மாற்று. ஆமாம், அரை விநாடி. பயப்படாதே, கையில் பிடித்தபடியே எடு. பின்னணியில் அறை மங்கலாகத் தெரியும், பூச்சி கூர்மையாகவே விழும். எப்படி என்று கேட்காதே, அது பெரிய கதை.

படம் கூர்மையாக விழுந்தால் கை ஆடவில்லை என்றுதான் அர்த்தம். பின்னே? இதற்கெல்லாம் யோசித்து வேறு எழுத வேண்டுமா?

கார்டு எங்கே?

தம்பி


மே 20

சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நேரத்துக்குத் தூங்கு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கோடு எனக்குத் தெரியவில்லை, குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா எந்த நேரமும் அந்தக் கேமராவோடு தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறாள். கிடக்கட்டும். சாயந்தரம் எனக்குச் சொட்டு மருந்து போடுவாள். முன்பெல்லாம் ஒரு சொட்டு, குறி தப்பாது. இப்போது முதல் சொட்டு கன்னத்தில் விழுகிறது, அடுத்தது மூக்கில் விழுகிறது. "தலையை ஆட்டாதேம்மா" என்று எரிந்து விழுகிறாள். நான் தலையை ஆட்டவில்லை.

சாப்பிட்ட பிறகு நாற்காலியில் உட்காரும்போது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். "குளிருதாடி?" என்று கேட்டால் ஆமாம் என்கிறாள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

எனக்கு எல்லாம் நிழலாகத்தான் தெரிகிறது. நான் பார்த்தது தப்பாகவும் இருக்கலாம். நீ படித்தவன், உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. நான் எழுதினேன் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

அம்மா


மே 29

அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். குல்லா வேண்டாம், இங்கேயே கொடுத்திருக்கிறார்கள்.

சொட்டு மருந்து என்றால் நீ தலையை ஆட்டத்தான் செய்வாய். எனக்குத் தெரியாதா? ஊசி போடக் கூட்டிப்போனால் நர்ஸையே தள்ளிவிட்டவள் நீ. அக்காவின் கை ஆடுகிற கையாக இருந்தால் உங்கள் தெருவில் பாதிப் பேர் இந்நேரம் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டிருப்பார்கள். கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சும்மா இரு. கண்டதையும் நினைக்காதே.

சீக்கிரம் ஆபரேஷனை முடித்துக்கொள். அப்புறம் கோடு போட்ட தாளில் நேராக எழுது.

சின்னவன்


ஜூன் 12

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் மிகவும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும், நின்றுகொண்டு படிக்காதே.

நீ கேட்ட கார்டு இதோ. தேறியது, தேறாதது எல்லாம் அதில் இருக்கிறது. எதையும் அழிக்கவில்லை. இனிமேல் உன்னிடம் எதை மறைக்க வேண்டும்?

அரை விநாடி என்று நீ எழுதியபோது கேலி செய்கிறாய் என்றே நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். பொறிவண்டு கல்லில் செதுக்கியது போல வந்து விழுந்தது. அதன் காலில் இருக்கும் மயிரை எண்ணலாம். அரை விநாடி, கையில் பிடித்தபடி! மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் அப்படியே. அன்று முழுக்க எடுத்துக்கொண்டே இருந்தேன். பின்னால் ஜன்னல் கம்பி கொஞ்சம் கலைந்திருந்தது, அது பின்னணி, நீயே மங்கலாகத் தெரியும் என்று எழுதியிருந்தாய். பூச்சி மட்டும் கல்.

சில மாதங்களாக எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது என்ன என்று இப்போது சொல்லத் தேவையில்லை. தீர்ந்துவிட்டது. எல்லாம் களைப்புதான். படங்களைப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எதற்காகக் காட்டுகிறேன் என்று அவருக்குப் புரிந்தது. அரை விநாடி என்றதும் அவரே புருவத்தை உயர்த்தினார்.

இருபத்தெட்டாம் தேதி காலை அம்மாவின் கண். நானே செய்கிறேன். அம்மாவிடம் சொன்னேன், என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா


ஜூன் 23

அக்கா,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கண்ணில் நீ கை வைக்காதே.

மழையில் ஜீப் மூன்று நாள் பிந்தி வந்தது. உன் கடிதத்தையும் கார்டையும் நேற்றுதான் பார்த்தேன். ஜீப் வந்த பாதை அதன் பின்னாலேயே சரிந்துவிட்டது. ஆபீஸ் போனும் செத்துக் கிடக்கிறது. கம்பியைச் சரிபார்க்க வந்த லைன்மேன் நடந்தே கீழே இறங்குகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாமல் போய்விட்டால் என்று பயந்து ஆஸ்பத்திரி முகவரியே போட்டிருக்கிறேன்.

ஏன் என்று கேட்காதே என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது ஏன் என்று சொல்கிறேன், தயவுசெய்து கேள்.

ஃபிளாஷ் எரிவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி. ஷட்டர் அரை விநாடி திறந்து கிடந்தாலும், மங்கிய அறையில் பூச்சியை வரைவது அந்த ஒரு மின்னல்தான். அந்த மின்னலுக்குள் ஈயின் இறக்கையே நின்றுபோகும். குலுங்குகிற பஸ்ஸில் உட்கார்ந்து எடுத்தாலும் பொறிவண்டு கல் மாதிரிதான் விழும். அந்தக் கூர்மை உன் கையுடையது இல்லை அக்கா. ஃபிளாஷுடையது.

கை ஆடவில்லை என்றுதானே அர்த்தம் என்று நீ கேட்டாய். யோசித்து எழுது என்றும் கேட்டாய். ஹாரன் சத்தத்தில் நான் 'பின்னே?' என்று எழுதினேன்.

கார்டு முழுவதையும் பார்த்துவிட்டேன். தேறாத படங்களில் சில இருக்கின்றன. ஃபிளாஷ் சார்ஜ் ஏறுவதற்குள் நீ அழுத்திவிட்டவை. அவற்றில் மின்னல் இல்லை, மேஜை விளக்கின் வெளிச்சம் மட்டும் பொறிவண்டின் முதுகில் ஒரு புள்ளியாக விழுந்திருக்கிறது. அரை விநாடியும் அந்தப் புள்ளி பேனா முனை போல ஓடி ஒரு கோடு போட்டிருக்கிறது. எல்லாப் படத்திலும் ஒரே கோடு. மேலே, கீழே, மேலே, கீழே, சீப்பின் பற்கள் போல.

யார் எடுத்தாலும் கோடு விழும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். நிலையத்துக் கேமராவை வாங்கி நானே எடுத்துப் பார்த்தேன். சமையல்காரரை எடுக்கச் சொன்னேன். "எதுக்கு சார், எனக்குக் கை நடுங்குதான்னு பாக்கறீங்களா?" என்று சிரித்தார். எங்கள் கோடுகள் கோழி கிளறிய மண் மாதிரி இஷ்டத்துக்குத் திரிகின்றன. உன்னுடையது அப்படி இல்லை. ஒழுங்காக இருக்கிறது. ஒரு மோட்டாரில் கோளாறு வந்தால்தான் இவ்வளவு ஒழுங்கான அதிர்வைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கோடு திரையில் வந்தால் முதலில் இயந்திரத்தை நிறுத்துவோம், பிறகுதான் பேசுவோம்.

அம்மா எனக்கு எழுதியிருந்தாள். நான் அவளைத்தான் கேலி செய்தேன்.

பத்து எடுத்து ஒன்பதைத் தூக்கிப் போடச் சொன்னது நான். அம்மாவிடம் தூக்கிப் போட ஒன்றுகூட இல்லை.

நிறுத்து. என் மேல் கோபப்படு, இனிமேல் பேசாதே, எது வேண்டுமானாலும் செய். நிறுத்து.

தம்பி


ஜூன் 30

அக்கா,

போன் இன்னும் வரவில்லை. பாதையும் திறக்கவில்லை. லைன்மேன் கீழே போய்ச் சேர்ந்தாரா, தபாலில் போட்டாரா, போட்டது வந்ததா, எதுவும் தெரியவில்லை. அவர் சட்டைப் பைக்குள் கடிதத்தை வைத்ததைப் பார்த்தேன். சட்டை அப்போதே நனைந்திருந்தது.

இருபத்தெட்டு போய்விட்டது. அன்று காலை கருவி அறையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேலதிகாரி வந்து, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றேன். "உங்க அக்காதானே செய்யறாங்க? அப்புறம் என்ன கவலை!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது. அம்மாவுக்குத் தெரிகிறதா என்று ஒரு வரி எழுது.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

முதலில் நீ தேடுகிற வரி. அம்மாவுக்குத் தெரிகிறது. நேற்று கட்டைப் பிரித்தார்கள். முதலில் என் முகத்தைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சுப் போச்சாடி உனக்கு?" என்றாள்.

உன் கடிதம் இருபத்தெட்டாம் தேதி காலைதான் வந்தது. உறை ஊறிப்போய், மை பாதி கலைந்திருந்தது. ஆபரேஷன் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது வரவேற்பில் இருக்கும் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவை ஏற்கெனவே உள்ளே படுக்க வைத்து, மரத்துப்போகிற மருந்தும் போட்டாகிவிட்டது.

உன் மேல் கோபம் வந்தது. பூச்சி படம் எடுக்கிறவன் எனக்குப் பாடம் சொல்கிறான் என்று தோன்றியது. மறுபடி படித்தேன். அந்த அறையில் மின்விசிறி கிடையாது, ஜன்னல் கிடையாது. ஆனாலும் தாள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நிற்கச் சொன்னேன். நிற்கவில்லை.

சின்ன டாக்டரைக் கூப்பிட்டு, நீங்கள் செய்யுங்கள் என்றேன். "நானா மேடம்? உங்க அம்மாவுக்கா? ஏன் மேடம்?" என்றான்.

"எனக்குக் கை நடுங்குது" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் கண்ணாடியைப் பார்த்துக்கூட நான் சொன்னதில்லை. பிப்ரவரி மாதம் ஒரு கிழவரின் கண்ணில் தையல் போடும்போது ஊசி என் கையை விட்டு ஓடியது. அதிர்ஷ்டம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய டாக்டர் விடுப்பு கொடுத்தது அதற்குத்தான்.

அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. முகத்தைத் துணி மூடியிருந்தது, கண் மட்டும் வெளியே. சொன்னால் பதறிக் கையைக் காலை அசைப்பாள் என்று பயந்தேன். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது நர்ஸின் வேலை. அன்று நர்ஸை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். மேலே யார் குனிந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது, நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சின்ன டாக்டர் கண்ணைத் திறந்து உள்ளே போன நேரம், அம்மாவின் விரல்கள் என் கை மேல் ஒரு சுற்று வந்தன. நகம், விரல் கணு, மணிக்கட்டு. என் கை அவள் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது, அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் விரல்கள் சட்டென்று நின்றன. அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகளின் கை இங்கே இருக்கிறது, கண்ணுக்குள் இருப்பது வேறு யாருடையதோ.

அந்த நொடியில் அவள் தலையைத் திருப்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என் வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. அவள் அசையவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். இன்னொரு கையையும் கொண்டுவந்து, என் கையை இரண்டுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டாள். முடிகிற வரைக்கும் விடவில்லை.

அன்று சாயந்தரம் வார்டில் கேட்டேன், "எப்பலேர்ந்தும்மா தெரியும்?"

"கன்னத்துல மருந்து விழுந்த அன்னைலேர்ந்து."

"தெரிஞ்சுமா நான்தான் செய்யணும்னு பிடிவாதம் பிடிச்சே?"

"வேற ஆள்கிட்ட போறேன்னு நான் சொன்னா, உன் கை போச்சுன்னு பெத்தவளே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"கண்ணு போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?"

கட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் வடிந்தது. அழாதே, தையல் இருக்கிறது என்று அதட்டினேன். அப்புறம்தான் சொன்னாள். "போனா போகட்டும்னுதான்டி போய்ப் படுத்தேன்."

மூன்று நாளாக இது ஒன்றுதான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாத்திரம் கழுவும்போதும் ஓடுகிறது.

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறேன். அம்மாவும் வருகிறாள், வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, உட்காருங்கள் என்பார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ பேரிடம் நான் பேசிய குரல்தான் அது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பயமாக இருக்கிறதுடா. பாதை திறந்தால் வா.

அக்கா